பொருத்தம் வேறு, சமம் வேறு
கிதார்ப் பெருக்கியின் வெளியீட்டு மின்மாற்றியைப் பற்றிய ஓர் உரை

(சங்கத்தின் ஆண்டு விழா அறிவியல் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியச் சுவையும் இசையின்பமும் நிறைந்த இவ்விழாவில், இரும்புத் தகடும் செப்புக் கம்பியும் கொண்ட ஒரு பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொருள் வறண்டது என்று எவரும் அஞ்ச வேண்டா. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கிதார் பயில்கின்றனர். அவர்களுள் சிலர் பழைய வால்வுப் பெருக்கிகளைத் தேடி வாங்குகின்றனர். சிலர் பாட்டனார் காலத்து வானொலிப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, அதைப் பெருக்கியாக மாற்ற முனைகின்றனர். ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும், ஒரு சிறு செய்தியை அறியாமையால் அரிய கருவிகள் ஒரே மாலையில் பாழாகி விடுகின்றன. அச்செய்தியைத் தெளிவாகச் சொல்லுவதே இவ்வுரையின் நோக்கம்.

இசைக் கலைஞர் ஒருவரின் கருவியொலி கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்னும் கவலை இவ்வூருக்குப் புதியதன்று. காவிரியும் கபிலையும் கூடும் திருமகூடலில் பிறந்து, பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் பயின்று, உலகறிந்த பிடில் வித்துவானாக விளங்கியவர் மைசூர் டி. சௌடையா (1895–1967). அரியக்குடி, செம்பை, செம்மங்குடி முதலிய பெரும் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். சென்னைச் சங்கீத வித்வத் சபையின் 'சங்கீத கலாநிதி' பட்டத்தை 1957-இல் பெற்றவர். ஒலிவாங்கி பரவாத காலத்தில், பெரிய கூட்டத்தின் பின்வரிசைக்குப் பிடிலின் நாதம் எட்டவில்லை. சௌடையா என்ன செய்தார்? நான்கு தந்திகளுக்குப் பதிலாக ஏழு தந்திகளைப் பூட்டினார், நாதம் கனத்தது. மின்சாரம் இன்றிக் கருவியின் உடலிலேயே அவர் தேடிக்கொண்ட தீர்வு அது.

மற்றொரு தீர்வும் இதே ஊரில் முளைத்தது. மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசாமி, 1935-ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதன் ஒலிபரப்பியின் திறன் வெறும் 30 வாட். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அந்நிலையத்தோடு வழங்கத் தொடங்கிப் பின்னர் நாடு முழுமைக்கும் உரிய பெயராயிற்று. அந்நாளில் ஒலிபரப்பியும் வால்வினால் இயங்கியது. வீட்டிலிருந்து கேட்ட பெட்டியும் வால்வினால் இயங்கியது. பெட்டிக்குள்ளே ஐந்தாறு வால்வுகள் இருக்கும். அவற்றுள் கடைசி வால்வே ஸ்பீக்கரை இயக்குவது. அக்கடைசி வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, தீப்பெட்டி இரண்டு மூன்றை அடுக்கிய அளவில், ஓர் இரும்புக் கட்டி இருக்கும். ரேடியோக் கடைக்காரர் அதனை 'அவுட்புட் டிரான்ஸ்பார்மர்' என்பார். நாம் வெளியீட்டு மின்மாற்றி என்போம்.

கிதார்ப் பெருக்கி என்பது, சுருங்கச் சொன்னால், வானொலிப் பெட்டியின் பின்பாதியே. கிதாரின் தந்தி அதிரும்போது அதனடியில் உள்ள காந்தச் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் எழும். முதல் வால்வுகள் அதைப் பெருக்கும். கடைசி வால்வு அதற்கு வலிமை ஊட்டும். மின்மாற்றி அதை ஸ்பீக்கரிடம் ஒப்படைக்கும். அமெரிக்காவில் லியோ பெண்டர் செய்த 'சாம்ப்' என்னும் சிறு பெருக்கியில் வெளியீட்டு வால்வு ஒன்றே ஒன்று. அது 6 வி 6 என்னும் வகை. இங்கிலாந்தின் 'வாக்ஸ் ஏ.சி. 30' என்னும் புகழ்பெற்ற பெருக்கியில் இ.எல். 84 என்னும் வால்வுகள் நான்கு. சிறியதாயினும் பெரியதாயினும், இவற்றுள் வெளியீட்டு மின்மாற்றி இல்லாதது இல்லை.

இம்மின்மாற்றி ஏன் வேண்டும்? வால்வையும் ஸ்பீக்கரையும் நேரே கம்பியால் இணைத்தால் ஆகாதா? இவ்வினாவே இன்றைய பொருளின் உயிர்.

வால்வின் இயல்பைப் பாருங்கள். வெற்றிடத்தினூடே எலக்ட்ரான்களை ஓட்டும் கருவி அது. உயர்ந்த மின்னழுத்தத்தில் மிகக் குறைந்த மின்னோட்டத்தை அது ஆளும். இ.எல். 84 வால்வின் பிளேட்டில் 250 வோல்ட் அழுத்தம் கொடுத்தால், அதில் ஓடுவது 48 மில்லி ஆம்பியர். அதாவது ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஸ்பீக்கரின் இயல்போ இதற்கு நேர்மாறு. காகிதக் கூம்பின் அடியில் சில சுற்றுகளே கொண்ட ஒரு சிறு சுருள். காந்தத்தின் நடுவே அது அசைய வேண்டுமாயின் மின்னோட்டம் மிகுதியாக வேண்டும். அழுத்தம் சில வோல்ட் போதும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து வரும் எண்ணையே, மாறுமின்னோட்டத்தைப் பொறுத்தவரை, 'இம்பீடன்ஸ்' என்பர். தமிழில் மின்னெதிர்ப்பு எனலாம். அதன் அளவு ஓம். வால்வு விரும்பும் சுமை ஏறக்குறைய 5,000 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். இவ்விருவரையும் ஒரு கயிற்றில் பூட்டினால் வண்டி நகராது.

எவ்வளவு நகராது என்பதைக் கணக்கிட்டே காணலாம். பொருத்தமான சுமை இருக்கும்போது, வால்வு 5 வாட் திறனை வெளியிடுவதாகக் கொள்வோம். 5,000 ஓம் சுமையில் 5 வாட் என்றால், அழுத்தம் சுமார் 158 வோல்ட். மின்னோட்டம் சுமார் 32 மில்லி ஆம்பியர். அதே 32 மில்லி ஆம்பியரை நேரே 8 ஓம் ஸ்பீக்கரில் செலுத்தினால் கிடைக்கும் திறன் ஏறத்தாழ 8 மில்லி வாட் மட்டுமே. ஐந்து வாட் எங்கே, அதன் அறுநூறில் ஒரு பங்கு எங்கே! வால்வு அதே உழைப்பை உழைத்துச் சூடேறிக்கொண்டிருக்கும். கேட்பவர் காதிலோ முணுமுணுப்பே விழும்.

இங்கேதான் மின்மாற்றி நடுவராக வருகிறது. அதன் தத்துவத்தை 1831-இல் மைக்கேல் பாரடே கண்டார். ஓர் இரும்பு வளையத்தின் ஒரு பக்கம் ஒரு சுருள். மறு பக்கம் வேறொரு சுருள். இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும், முதற்சுருளில் மின்னோட்டம் மாறும்போதெல்லாம் இரும்பில் காந்தப் பாய்வு மாறுகிறது. அம்மாற்றம் துணைச்சுருளில் மின்னழுத்தத்தை எழுப்புகிறது. சுற்றுகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு அழுத்தம் குறையும். அதே அளவுக்கு மின்னோட்டம் மிகும். திறன் மட்டும், சிறு இழப்பு நீங்கலாக, மாறுவதில்லை. மின்மாற்றி எதையும் புதிதாகப் படைப்பதில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். உள்ளதை வேறு வடிவில் தருவதே அதன் தொழில்.

மைசூர் நாட்டினர்க்கு இஃது எளிதில் விளங்க வேண்டிய செய்தி. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் மேற்கொள்ளப்பட்ட சிவனசமுத்திர மின்திட்டம் 1902-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. காவிரி வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவில் இருந்த கோலார் தங்கவயலுக்கு 35,000 வோல்ட் அழுத்தத்தில் சென்றது. ஏன் அத்துணை உயர்ந்த அழுத்தம்? அழுத்தம் மிகுந்தால் அதே திறனைக் குறைந்த மின்னோட்டத்தில் கொண்டு செல்லலாம்; கம்பியில் வெப்பமாக வீணாவது குறையும். போய்ச் சேர்ந்த இடத்தில், எந்திரங்கள் ஏற்கத்தக்க அளவுக்கு அழுத்தத்தை மின்மாற்றி இறக்கித் தந்தது. உயரத்திலிருந்து விழும் சிறு நீரோடையும், தாழ்வாகப் பரந்து ஓடும் பெரு வாய்க்காலும் ஒரே அளவு ஆற்றலை உடையனவாக இருக்கலாம் அல்லவா? உயரம் அழுத்தம் போன்றது. நீரின் பெருக்கு மின்னோட்டம் போன்றது. வால்வு உயரமான சிற்றோடை. ஸ்பீக்கர் தாழ்ந்த பெருவாய்க்கால். இடையில் நிற்கும் மின்மாற்றி ஒன்றை மற்றொன்றாக்கித் தருகிறது.

இனி ஒரு சிறு கணக்கு. முதற்சுருளில் 3,000 சுற்றும் துணைச்சுருளில் 120 சுற்றும் இருப்பதாகக் கொள்வோம். விகிதம் 25. அழுத்தம் 25-இல் ஒரு பங்காகும்: 158 வோல்ட் 6.3 வோல்ட் ஆகிறது. மின்னோட்டம் 25 மடங்காகும்: 32 மில்லி ஆம்பியர் முக்கால் ஆம்பியருக்குச் சற்று மேலாகிறது. இப்பொழுது அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுங்கள். 8 ஓம் வரும். மேலே உள்ளது 25-ஆல் குறைந்தது. கீழே உள்ளது 25-ஆல் பெருகியது. ஆகவே மின்னெதிர்ப்பு 25-ஐ 25-ஆல் பெருக்கிய 625 பங்கால் மாறுகிறது. எட்டை 625-ஆல் பெருக்கினால் 5,000. இதுவே விதி: சுற்று விகிதத்தின் வர்க்கமே மின்னெதிர்ப்பின் விகிதம்.

இவ்விதியிலிருந்து பலரும் கவனியாத ஓர் உண்மை வெளிப்படும். மின்மாற்றிக்கெனச் சொந்தமாக 5,000 ஓம் என்று எதுவும் இல்லை. அதனிடம் உள்ளது விகிதம் மட்டுமே. துணைச்சுருளில் எதை இணைக்கிறோமோ அதன் 625 மடங்கை அது வால்வுக்குக் காட்டும். 8 ஓம் இணைத்தால் 5,000 காட்டும். 4 ஓம் இணைத்தால் 2,500 காட்டும். 16 ஓம் இணைத்தால் 10,000 காட்டும். எதையுமே இணைக்காவிட்டால் எல்லையற்ற சுமையைக் காட்டும். அது கண்ணாடி போன்றது; எதிரில் நிற்பவரின் உருவமே அதில் தெரியும்.

'இம்பீடன்ஸ் மாட்சிங்' என்பதைச் 'சமப்படுத்துதல்' என்று சிலர் மொழிபெயர்க்கின்றனர். இங்குத்தான் கருத்துப் பிழை நுழைகிறது. இ.எல். 84 வால்வின் உள்தடை ஏறக்குறைய 40,000 ஓம். சமமே நோக்கமாயின் சுமையும் 40,000 ஓம் இருக்க வேண்டும். வால்வு செய்தவர்களோ 5,200 ஓம் என்று குறித்திருக்கின்றனர். ஏன்? 250 வோல்ட்டை 48 மில்லி ஆம்பியரால் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 5,200 ஓம் வரும். அஃதாவது, வால்வுக்கு உரிய அழுத்தம் முழுவதும் ஊசலாட வேண்டும். அதற்கு உரிய மின்னோட்டமும் முழுவதும் ஊசலாட வேண்டும். ஒன்று எல்லையைத் தொடும்போதே மற்றொன்றும் தொட வேண்டும். அப்போதுதான் அதன் முழுத் திறனான ஐந்தரை வாட்டுக்குச் சற்று மேற்பட்ட வெளியீடு கிடைக்கும். சுமை பெரிதாயிருந்தால் அழுத்தம் முன்னரே எல்லையைத் தொட்டுவிடும். மின்னோட்டம் பாதியில் நிற்கும். சுமை சிறிதாயிருந்தால் மின்னோட்டம் தீர்ந்துவிடும், அழுத்தம் பயன்படாது. ஆகவே, பொருத்தம் என்பது இருவரும் ஒரே அளவினராதல் அன்று. ஒருவர் தம் முழு ஆற்றலையும் பிறர்க்குப் பயன்பட வழங்கக்கூடிய நிலையே பொருத்தம். நம் வீடுகளில் திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். மணமக்கள் இருவரும் ஒரே உயரம், ஒரே குணம் உடையவராதல் வேண்டும் என்று எவரும் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரின் மீது '8 ஓம்' என்று எழுதியிருப்பது ஒரு பெயரளவே. மீட்டரால் அளந்தால் 6 ஓம் அல்லது 7 ஓம் காட்டும். அது கம்பியின் தடை மட்டுமே. பிழையென்று கருதி ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டா. இசைக்கும்போதோ, கூம்பு தன்னியல்பாக அதிரும் தாழ்ந்த சுருதியருகே மின்னெதிர்ப்புப் பல மடங்கு உயரும், நடுவில் தாழும், மேற்சுருதியில் மீண்டும் ஏறும். எனவே பொருத்தம் என்பது தட்டானின் தராசு அன்று. நடுவளவை ஒட்டி அமைக்கும் ஏற்பாடு. கிதார் ஒவ்வொரு பெருக்கியிலும் வேறு குணத்தோடு ஒலிப்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வும் ஒரு காரணம்.

இனி இரும்பின் பக்கம் வருவோம். கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. அச்சுருதியிலும் மின்மாற்றி தளராமல் நிற்க வேண்டுமாயின், முதற்சுருளின் தூண்டுதிறன் ஏறத்தாழ 10 ஹென்றி ஆதல் வேண்டும். அதற்கு மெல்லிய கம்பியில் பல்லாயிரம் சுற்றும், நல்ல இரும்பும் தேவை. அதிர்வெண் குறையக் குறைய இரும்பு மிகுதியாக வேண்டும். அன்று சிவனசமுத்திரத்தில் பிறந்த மின்சாரத்தின் அதிர்வெண் 25. இன்று நாம் பயன்படுத்துவது 50. ஒரே திறனுக்கு 25-இன் மின்மாற்றி 50-இன் மின்மாற்றியைவிடப் பருத்திருக்கும். கிதாருக்கும் அதே நியதி. இரும்பில் சிக்கனம் செய்தால் தாழ்ந்த தந்தியின் ஒலி மெலிந்துவிடும்.

ஒற்றை வால்வுப் பெருக்கியில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. இசை இல்லாதபோதும் வால்வின் 48 மில்லி ஆம்பியர் முதற்சுருளின் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். அது இரும்பை ஒரு பக்கமாகக் காந்தமாக்கி நிறைத்துவிடும். நிறைந்த பானையில் மேலும் நீர் ஊற்றினால் என்ன பயன்? அதைத் தவிர்க்கவே, 'ஈ' வடிவத் தகடுகளை எல்லாம் ஒரு பக்கமும், 'ஐ' வடிவத் தகடுகளை எல்லாம் மறுபக்கமும் அடுக்கி, இடையே ஒரு மெல்லிய காகிதத்தை வைத்து இடைவெளி விடுவர். இரண்டு அல்லது நான்கு வால்வுகள் எதிரெதிராக இயங்கும் பெருக்கியிலோ, இருபக்க மின்னோட்டமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அங்கே இடைவெளி வேண்டுவதில்லை; தகடுகளை மாறிமாறிக் கோத்து அடுக்குவர்.

இது ஏட்டுச் செய்தியன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் தம் ஒற்றை வால்வுப் பெருக்கியை என்னிடம் கொண்டுவந்தார். மின்மாற்றி எரிந்து, ஒரு கடையில் புதிதாகச் சுற்றிக் கொடுத்திருந்தனர். சுற்று எண்ணிக்கை சரி; கம்பியும் சரி; ஆயினும் ஒலி தகரம் போல் ஒலித்தது; தாழ்ந்த தந்திகள் கேட்கவே இல்லை. வால்வு மாற்றினார், ஸ்பீக்கர் மாற்றினார், பணம் கரைந்ததே மிச்சம். மின்மாற்றியைப் பிரித்துப் பார்த்தபோது, தகடுகளை மாறிமாறிக் கோத்திருந்தது தெரிந்தது. சுற்றியவர் தொழில் தெரியாதவர் அல்லர். வீட்டு மின்சாரத்துக்குரிய மின்மாற்றியை அவ்வாறுதான் அடுக்க வேண்டும். பழைய தகடுகளையே ஒருபக்கமாக அடுக்கிக் காகிதம் வைத்தவுடன் பெருக்கி மீண்டும் பாடியது. ஒரு துண்டுக் காகிதமே இடையில் இருந்த வேற்றுமை.

இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய சில விதிகளை இப்போது கூறுகிறேன்.

முதலாவது: வால்வுப் பெருக்கியை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் இயக்கி வாசிக்காதீர்கள். சுமை இல்லாதபோது முதற்சுருளில் தேங்கிய காந்த ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் எழும்பி, சுருளின் காப்பைத் துளைத்துவிடும். சில வேளை வால்வின் அடிக்கட்டையிலேயே தீப்பொறி பாயும். டிரான்சிஸ்டர் பெருக்கிக்கோ இதற்கு நேர் எதிரான விதி: ஸ்பீக்கர் இல்லாவிடில் அதற்குக் கேடில்லை, கம்பிகள் குறுக்கே தொட்டுக்கொண்டால் கேடு. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் கைவைக்கும்போது பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகின்றனர்.

இரண்டாவது: ஸ்பீக்கர்களைச் சேர்க்கும்போது கணக்கிடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் 4 ஓம். தொடர் இணைப்பாகச் சேர்த்தால் 16 ஓம். பெருக்கியின் பின்புறத்தில் 4, 8, 16 என்று தனித்தனித் துளைகள் இருந்தால், கூட்டுத் தொகைக்கு உரிய துளையில் செருகுங்கள். இருமடங்கு அல்லது பாதி என்னும் பிழையைப் பல பெருக்கிகள் மெல்லிய வாசிப்பில் பொறுத்துக்கொள்ளும். முழு ஒலியில் நெடுநேரம் வாசித்தால், சுமை மிகத் தாழ்ந்தபோது வால்வு தேயும். மிக உயர்ந்தபோது சுருளின் காப்பும் வால்வின் திரைக் கம்பிவலையும் துன்புறும்.

மூன்றாவது: பழைய வானொலியிலிருந்து எடுத்த, எழுத்தில்லாத மின்மாற்றியின் விகிதத்தை அறிய எளிய வழி உண்டு. பெருக்கியிலிருந்து முற்றும் கழற்றிய பிறகு, 6.3 வோல்ட் மாறுமின்னழுத்தத்தை அதன் முதற்சுருளில், அதாவது தடை மிகுந்த சுருளில் கொடுங்கள். துணைச்சுருளில் கால் வோல்ட் வந்தால் விகிதம் 25. அதன் வர்க்கம் 625. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5,000 ஓம் காட்டும் மின்மாற்றி என்று தெளியலாம். மறந்தும் இடம் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். துணைச்சுருளில் 6.3 வோல்ட் கொடுத்தால் மறுபக்கம் 150 வோல்ட்டுக்கு மேல் எழுந்து கையைத் தாக்கும்.

நான்காவது, எல்லாவற்றினும் முக்கியமானது: வால்வுப் பெருக்கியில் 250 முதல் 400 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் உண்டு, சில பெரிய பெருக்கிகளில் இன்னும் மிகுதி. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். அவற்றை முறைப்படி இறக்கம் செய்யக் கற்காதவர் பெட்டியைத் திறத்தல் கூடாது. கிதாரின் தந்தியும் பெருக்கியின் உலோகச் சட்டமும் ஒரே கம்பியால் இணைந்தவை. ஆகவே மூன்று முனைச் செருகியின் நில இணைப்பு முனையை வெட்டிவிட்டு வாசிப்பது, தந்தியின் வழியே யமனுக்கு அழைப்பு விடுப்பதாகும்.

"இத்துணைத் தொல்லை எதற்கு? டிரான்சிஸ்டர் இருக்கிறதே!" என்று சிலர் வினவலாம். நியாயமான வினா. வானொலிக்கும் கூட்ட ஒலிபெருக்கிக்கும் டிரான்சிஸ்டரே ஏற்றது, மாண்டலின் உ. ஸ்ரீனிவாஸ் (1969–2014) மின் மாண்டலினில் கருநாடக இசையின் கமகங்களை உலகறிய வாசித்துக் காட்டியபோது, நாடியது தெளிவான ஒலியையே. கிதார்க்காரரின் நோக்கம் வேறு. வால்வை அதன் எல்லை வரை ஓட்டும்போது ஒலியலையின் முகடுகள் மெல்ல வளைந்து, புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. ஸ்பீக்கரின் ஏற்றத்தாழ்வும் மின்மாற்றியின் இரும்பும் அதில் பங்கு கொள்கின்றன. தம்பூராவின் குதிரையில் ஒரு நூலைச் செருகி 'ஜீவா' சேர்க்கிறோம் அல்லவா? நூல் இல்லாத தம்பூரா சுருதியில் பிழைபட்டதன்று. ஆனால் அதில் ரீங்காரம் இல்லை. பொறியியலார் குறை என்று தள்ளியதைக் கலைஞர் குணம் என்று எடுத்துக்கொண்டார். அவ்வகையில் மின்மாற்றியும் இசைக்கருவியின் ஓர் உறுப்பே.

இதனால்தான் இதை இங்கே பேச வேண்டியதாயிற்று. பெங்களூரில் 1954-இல் தோன்றிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வானொலி வால்வுகளைச் செய்தது, இ.எல். 84-உம் அவற்றுள் ஒன்று. அவ்வுற்பத்தி நின்று நெடுங்காலமாயிற்று. இன்று இவ்வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனம் ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றன. வால்வு போனால் விலை கொடுத்து வேறு வாங்கலாம். பழைய வெளியீட்டு மின்மாற்றி போனாலோ, அதே சுற்றும் அதே அடுக்கும் தெரிந்து செய்பவரைத் தேடி அலைய வேண்டும். அத்தொழிலறிந்த பெரியவர்கள் நம் ஊர்ச் சந்துகளில் இன்னும் சிலர் இருக்கின்றனர். பரணில் உள்ள பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுமுன் அவர்களிடம் காட்டுங்கள். பிள்ளைகளை அவர்களருகே அமர்ந்து, ஒரு சுருளையாவது தம் கையால் சுற்றிப் பழகச் செய்யுங்கள். நூலில் படிப்பது பாதி; விரல் அறிவது மறுபாதி.

நிறைவாக ஒரு சொல். சிவனசமுத்திரத்து மின்சாரம் சென்று சேர்ந்த தங்கவயலில் சுரங்கத்துள் இறங்கி உழைத்தவர்களுள் பெரும் பகுதியினர், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ் மக்கள். 2001-இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் இந்நாட்டு மக்களோடு மக்களாக வாழ்கின்றனர். நாமும் அவ்வாறே வந்து வேரூன்றியவர்கள். கன்னடத்தைக் கற்றோம், தமிழை விடவில்லை. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகை என்று எண்ணுவோர்க்கும், ஒன்று மற்றொன்றாகிவிட வேண்டும் என்று சொல்வோர்க்கும், பொருத்தம் வேறு, சமம் வேறு என்பதே நான் தரக்கூடிய மறுமொழி. வால்வு வால்வாகவே இருக்கிறது. ஸ்பீக்கர் ஸ்பீக்கராகவே இருக்கிறது. இடையே நல்லதொரு மின்மாற்றி அமைந்தால் இசை பிறக்கிறது. இச்சங்கம் அத்தகைய பணியையே செய்து வருகிறது என்பது என் துணிபு.

விழாவுக்குப் பின் ஐயம் கேட்க விரும்பும் இளைஞர்கள் தயங்காமல் என்னிடம் வரலாம். இரு வகையாக அடுக்கிய தகடுகளையும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.